பெரிய வெள்ளிக்கும் மொகரத்துக்கும் சக ஊழியர்களை வாழ்த்தலாமா?

கேள்வி: "புதிதாக ஒரு குழுவுக்குத் தலைமைப் பொறுப்பு ஏற்றிருக்கிறேன். எல்லா மதத்தினரும் இருக்கிறார்கள். தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான் என்றால் வாழ்த்திவிடலாம். பெரிய வெள்ளி, மொகரம் போன்ற துக்க நாட்களில் என்ன சொல்வது? வாழ்த்தினால் தவறா, சும்மா இருந்தால் தவறா?"

வாழ்த்தாதீர்கள். அதற்காக அப்படி ஒரு நாளே இல்லாததுபோல் நடந்துகொள்ளவும் வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஷிப்ட் பட்டியல் போடும் வேலை பார்ப்பவள். யாருக்கு எந்த நாள் விடுப்பு வேண்டும், யார் எந்த நாளில் சாப்பிட மாட்டார்கள், யாரை எந்த மாலையில் பிடித்து வைக்கக்கூடாது என்பதெல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். சொந்த ஊர் பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். எனவே பெரிய வெள்ளியிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் சபைகளில் அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும் ஆராதனை மூன்று மணிக்குத்தான் முடியும். இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தி, ஒரு பாட்டு, ஒரு ஜெபம். ஏப்ரல் வெயிலில், மின்விசிறியின் சத்தத்துக்கு மேலே பிரசங்கியாரின் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். பலர் வெள்ளையோ கறுப்போ உடுத்தியிருப்பார்கள். நகை போடாத பாட்டிமார்கள் உண்டு. முடிந்ததும் சில சபைகளில் கஞ்சி கொடுப்பார்கள். கத்தோலிக்கக் கோவில்களில் அன்று திருப்பலியே கிடையாது. பீடத்தில் விரிப்புகூட இருக்காது, மணி ஒலிக்காது. அவர்களுக்கு அன்று ஒருசந்தியும் சுத்தபோசனமும் உண்டு. அதாவது ஒரே ஒரு முழு உணவு, அதிலும் இறைச்சி கிடையாது.

இப்படி ஒரு நாளின் காலையில் அலுவலக வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் ஒரு சூரிய உதயப் படம், ஓரத்தில் லில்லிப் பூ, பொன் எழுத்தில் 'இனிய புனித வெள்ளி நல்வாழ்த்துகள்'. கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். யாராவது ஒருவர் கேக் படமும் போட்டிருப்பார். போட்டவர் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. நம் ஊரில் விடுமுறை என்றாலே பண்டிகை, பண்டிகை என்றாலே வாழ்த்து என்று கை தானாகப் போய்விடுகிறது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் இதற்குக் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. 'நன்றி' என்று போட்டுவிட்டுக் கோவிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு எரிச்சல் வருவது வாழ்த்தியவரை அதே குழுவில், நாற்பது பேர் முன்னிலையில், 'இது துக்க நாள், தெரியாதா?' என்று திருத்துபவர்கள்மேல்தான்.

நீங்கள் தலைமைப் பொறுப்பில் இருப்பதால் ஒன்று செய்யலாம். முந்தைய நாள் மாலை குழுவில் ஒரு வரி போடுங்கள்: 'நாளை பெரிய வெள்ளி. விடுப்பில் இருப்பவர்களை யாரும் அழைக்க வேண்டாம். அவசரம் என்றால் என்னைக் கூப்பிடுங்கள்.' அன்றைக்கு ஒரு கிறிஸ்தவ ஊழியருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய பெரிய மரியாதை அந்த மூன்று மணி நேரம் தொலைபேசி அடிக்காமல் இருப்பதுதான். வாழ்த்தியே ஆகவேண்டும் என்று கை அரித்தால் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள். அன்று ஈஸ்டர், தாராளமாக வாழ்த்தலாம், கேக்கும் கேட்கலாம்.

சாம்பல் புதனன்று கத்தோலிக்கர் சிலர் காலைப் பூசை முடித்து நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வருவார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் நாள் அது. 'முகத்தில் கரி ஒட்டியிருக்கிறது' என்று டிஷ்யூ காகிதம் நீட்டிவிடாதீர்கள். திருநீறு பூசாத நெற்றி அபூர்வமான ஊரில் இதையா சொல்லவேண்டும் என்று நினைப்பீர்கள்; நீட்டுகிறார்கள்.

மொகரம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. ஒரே நாள் இரண்டு பிரிவினருக்கு இரண்டு விதமாக இருக்கிறது. கி.பி. 680இல் ஈராக்கின் கர்பலாவில் நபிகளின் பேரர் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டது மொகரம் மாதத்தின் பத்தாம் நாள். ஷியா முஸ்லிம்களுக்கு மாதம் பிறந்ததிலிருந்தே துக்கம்தான். கறுப்பு உடை, மாலை தோறும் மஜ்லிஸ் என்ற துக்கக் கூட்டம், பத்தாம் நாள் ஊர்வலம். சென்னையில் ஆயிரம் விளக்கு மசூதி அவர்களுடையது. அந்த மாதத்தில் திருமணம் வைக்கமாட்டார்கள், புதுவீடு புகமாட்டார்கள். முதல் தேதியன்று 'இஸ்லாமியப் புத்தாண்டு வாழ்த்துகள்' என்று அவர்களிடம் சொன்னால் துக்க வீட்டு வாசலில் நின்று புத்தாண்டு வாழ்த்துச் சொல்வதுபோல் இருக்கும்.

ஆனால் தமிழ்நாட்டு முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் சன்னிகள். அவர்களுக்குப் பத்தாம் நாள் ஆஷூரா, மூஸா நபியும் (மோசே) அவர் மக்களும் எகிப்திய மன்னன் ஃபிர்அவ்னிடமிருந்து காப்பாற்றப்பட்ட நாள். ஒன்பதும் பத்தும், அல்லது பத்தும் பதினொன்றும் நோன்பு வைப்பவர்கள் உண்டு, அது கட்டாயமில்லை. எனவே நான் சொன்னதைப் பாதி படித்துவிட்டு, மேலப்பாளையத்திலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ வந்திருக்கும் உங்கள் சன்னி நண்பரிடம் போய் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று சொல்லிவிடாதீர்கள். வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிப்போவார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு ஷியா இளைஞர் இருக்கிறார். மாதக் கடைசி வெள்ளியன்று அந்த மாதத்தில் பிறந்தவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே கேக் வெட்டுவது எங்கள் வழக்கம். ஒரு வருடம் அது மொகரத்தின் முதல் பத்து நாட்களுக்குள் வந்தது. பெயர்ப் பட்டியலில் அவரும் இருந்தார். மேலாளர் நல்ல மனதோடு, 'அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடலாம்' என்றார். அந்த இளைஞர் சிரித்துக்கொண்டே, 'அடுத்த மாதம் சஃபர், சார். அதிலும் எங்களுக்குத் துக்கம் முடியாது. நீங்கள் வெட்டுங்கள், நான் வந்து நிற்கிறேன். கேக்கில் என் பெயர் மட்டும் வேண்டாம்' என்றார். அடுமனைக்குத் தொலைபேசியில் சொல்லி ஒரு பெயரை எடுக்கச் சொன்னோம். அன்று மாலை அவர் கறுப்புச் சட்டையோடு வந்து நின்றார், கைதட்டினார், கேக் தட்டு வந்தபோது பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்திவிட்டார். 'ஒரு துண்டுதானே, சாப்பிடுங்கள்' என்று யாரும் வற்புறுத்தவில்லை. காரணம், மேலாளர் முன்கூட்டியே அவரிடம் தனியாகக் கேட்டிருந்தார். நாமாக யூகித்திருந்தால் தள்ளிவைத்ததோடு திருப்தி அடைந்திருப்போம்.

ஆக, அவரிடம் என்ன சொல்லலாம்? 'உங்களுக்கு இது துக்க நாட்கள் என்று தெரியும். பத்தாம் நாள் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.' அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கர்பலா பற்றி இணையத்தில் படித்ததை அவருக்கே விளக்க வேண்டாம். ஷியா, சன்னி இதில் யார் சரி என்ற பேச்சு உணவறைப் பக்கமே வரக்கூடாது.

உண்மையில் தமிழர்களுக்கு இதெல்லாம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. துக்கம் விசாரிக்கப் போனால் 'வருகிறேன்' என்று சொல்லாமல் கிளம்புகிறவர்கள் நாம். அப்பா இறந்த வருடம் ஒரு வீட்டில் தீபாவளி கிடையாது என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அலுவலகத்துக்கு வந்ததும்தான் அந்த நிதானம் எங்கோ போய்விடுகிறது. அப்படித் துக்கத்தில் இருக்கும் ஊழியருக்கும் 'ஒளிமயமான தீபாவளி' அட்டை, எல்லோருக்கும் போனதுபோலவே போகிறது. இனிப்புப் பெட்டியைக் கொடுங்கள், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். அட்டையை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். ரங்கோலிப் போட்டிக்கு நடுவராக அவரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

திவசம், மகாளய அமாவாசைக்கும் இதே கதைதான். ஒருவர் 'நாளை அம்மாவுக்குத் திதி' என்று விடுப்புக் கேட்டால், 'சரி, பார்த்துக்கொள்ளுங்கள்' போதும். காலையில் தர்ப்பணம் முடித்துவிட்டு மதியம் அலுவலகம் வருபவர்களும் இருக்கிறார்கள். அன்று வெளியில் சாப்பிட மாட்டார்கள். தட்டை நீட்டி ஒருமுறை கேட்பது மரியாதை, மூன்றாம் முறை கேட்பது தொந்தரவு.

நோன்பைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். ரம்ஜான் துக்க மாதம் கிடையாது. 'ரமலான் முபாரக்' என்று தயங்காமல் சொல்லலாம், நோன்புக் கஞ்சி வந்தால் தயங்காமல் குடிக்கலாம். அவர்கள் முன்னால் சாப்பிடக்கூடாது என்று ஒளிந்துகொள்ளவும் வேண்டாம். பல நோன்பாளிகளுக்கு அதுதான் சங்கடம். ஆனால் ஒரு முஸ்லிம் பெண் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து 'இன்று நோன்பு இல்லையா?' என்று கேட்காதீர்கள். மாதவிலக்கு நாட்களில் நோன்பு கிடையாது. கர்ப்பம், நோய், பயணம் இவற்றுக்கும் விலக்கு உண்டு. நீங்கள் சாதாரணமாகக் கேட்கும் அந்தக் கேள்விக்கு அவர் கூட்டத்தின் நடுவில் பொய் சொல்லவேண்டியிருக்கும். நான் இதை ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் தனியாகச் சொல்லிவைக்கிறேன். ஆண்களிடம் கூடுதலாக ஒருமுறை.

சௌகார்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் ஜைன நண்பர்கள் இருந்தால், அவர்களுடைய நோன்பு நாட்களான பர்யூஷண முடிவில் 'மிச்சாமி துக்கடம்' என்று ஒரு செய்தி உங்களுக்கு வரும். தெரிந்தோ தெரியாமலோ புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள் என்று பொருள். 'ஹேப்பி பர்யூஷண்' என்று பதில் போடுவார்கள் சிலர். அது வேண்டாம். 'மிச்சாமி துக்கடம்' என்றே திருப்பிச் சொல்லலாம். அல்லது 'நானும் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்' என்று தமிழில் எழுதலாம். வருடம் முழுக்கப் பிணங்கிக்கொண்டிருந்த கணக்குப் பிரிவுக்காரரிடமிருந்தும் வரும். அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லோருக்கும்தான் அனுப்புகிறார்.

இஸ்ரேலில் வாடிக்கையாளர் இருந்தால் யோம் கிப்பூர் தெரிந்திருக்க வேண்டும். யூதர்களுக்குப் பாவமன்னிப்பு நாள். சுமார் 25 மணி நேரம் உணவும் தண்ணீரும் இல்லை. அங்கே விமான நிலையம்கூட மூடியிருக்கும். வாழ்த்தும் தொனி ஒத்துவராது. 'நோன்பு எளிதாகக் கழியட்டும்' என்பது அவர்களுக்குள்ளேயே புழங்கும் பேச்சு. யூத நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது என்பதைத்தான் இங்கே பலர் மறக்கிறார்கள். 2025இல் அது அக்டோபர் 2 என்று காலண்டரில் இருந்தது. நமக்கும் அன்று காந்தி ஜெயந்தி, விஜயதசமி, யாருக்கும் சிக்கலில்லை. ஆனால் அங்கே முதல் தேதி மாலையே தொடங்கிவிட்டது. முதல் தேதி பிற்பகலில் கூட்டம் வைத்திருந்தவர்கள் காலி நாற்காலிகளைத்தான் பார்த்திருப்பார்கள்.

இனி உங்கள் பட்டியல் விஷயம். 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு ஐந்து பண்டிகை விடுமுறைகள்தான் நிச்சயம். அந்த ஐந்தில் பொங்கலும் தீபாவளியும் ஆயுத பூஜையும் உட்கார்ந்தபின் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். மொகரம் பிறைக்கணக்கு வேறு. வருடத்துக்குச் சுமார் பதினொரு நாள் முன்னே நகரும். 2024இல் ஜூலை 17, 2025இல் ஜூலை 6. ஆகவே பலருடைய முக்கியமான நாள் உங்கள் வேலைநாளில்தான் விழும். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் மூன்று மதத்து நாட்களும் அச்சிட்டிருக்கும். எது மகிழ்ச்சி, எது துக்கம் என்று அது சொல்லாது.

பெயரை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். ஜான் என்று பெயர் வைத்துக்கொண்டு கோவில் பக்கமே போகாதவர் இருக்கிறார். கார்த்திக் என்ற பெயரோடு லெந்து (தவக்கால) நாட்கள் நாற்பதும் விரதம் இருப்பவரும் எங்கள் தளத்திலேயே இருக்கிறார். நான் செய்வது இவ்வளவுதான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பட்டியல் போடுவதற்கு முன், எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல். 'இந்தக் காலாண்டில் நீங்கள் வேலைக்கு வர முடியாத நாட்கள், சீக்கிரம் கிளம்ப வேண்டிய மாலைகள், சாப்பாடு வேண்டாத நாட்கள் இருந்தால் எழுதுங்கள். காரணம் எழுத வேண்டாம்.' காரணம் வேண்டாம் என்று எழுதியும் பாதிப் பேர் விரிவாகவே எழுதி அனுப்புகிறார்கள். அதிலிருந்துதான் எந்த நாளில் யாரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரிகிறது. எழுதாதவர்களிடம் நானும் கேட்பதில்லை.