டேக்கிள் மிஸ் ஆகுதா? கையை விடுங்க, பையனோட காலைப் பாருங்க

டெக்சஸ்ல ஃப்ரிஸ்கோ பக்கம் இருந்து ஒரு அப்பா எழுதிருக்கார். பையனுக்கு 14 வயசு, ஒன்பதாவது படிக்கிறான், ஸ்கூலோட அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல சேஃப்டி, அதாவது டிஃபென்ஸ்ல கடைசி வரிசை ஆளா ஆடுறான். பாலைக் கைல வெச்சு ஓடற ஆள்கிட்ட, அதான் பால் கேரியர்கிட்ட, கரெக்டா போய் சேர்ந்துடறானாம், ஆனா பிடிச்சு விழ வெக்கற நேரத்துல, அதான் டேக்கிள்ல, ஆள் வழுக்கிட்டுப் போயிடறாங்களாம். "பயப்படறானோன்னு தோணுது. நான் காலேஜ்ல கபடி ஆடினவன், பாய்ஞ்சு கணுக்காலைப் பிடிடான்னு சொல்லிக்குடுத்தேன், அதுவும் செட் ஆகல. வீட்டுக்குப் பின்னாடி ஹெல்மெட் மாட்டிவிட்டு அவன் ஃப்ரெண்டோட நேருக்கு நேர் மோத விடலாமா? இல்ல டேக்கிள் பழகற டம்மி பொம்மை ஏதாவது வாங்கணுமா?"ன்னு கேக்கறார்.

மோத விடறது வேண்டவே வேண்டாம் சார். ரெண்டு பேரை எதிரெதிர நிக்க வெச்சு முட்ட விடற ஓக்லஹோமா டிரில்லை 2019-லயே அமெரிக்காவோட புரொஃபஷனல் லீக் என்எஃப்எல் தடை பண்ணிடுச்சு, கோடிக்கணக்குல சம்பளம் வாங்கற தடிமாடுங்களுக்கே வேண்டாம்னு எடுத்ததை நாம எதுக்கு பேக்யார்டுல பண்ணணும். அதுக்கும் முன்னாடி 2010-ல டார்ட்மத் காலேஜ் கோச் பட்டி டீவன்ஸ், பிராக்டிஸ்ல பசங்க ஒருத்தரை ஒருத்தர் டேக்கிள் பண்ணவே கூடாதுன்னு நிறுத்திட்டார், டம்மி மேலதான் எல்லாமே. நிறைய பேர் சிரிச்சாங்க. 2015-ல அதே டீம், டார்ட்மத் மாதிரி எட்டு பழைய காலேஜ்கள் ஆடற ஐவி லீக்கோட பட்டத்தைப் பகிர்ந்துக்கிச்சு, அடுத்த வருஷம் ஐவி லீக் மொத்தமும் சீசன் நேரத்து பிராக்டிஸ்ல ஆளோட ஆள் மோதற ஃபுல் கான்டாக்டை நிறுத்திடுச்சு.

இப்ப உங்க பையன் விஷயம். பயம்னு எனக்குத் தோணல, பயப்படற பையன் பால் கேரியர் கிட்டயே போக மாட்டான், ரெண்டு அடி தள்ளி நின்னு சும்மா கையை நீட்டுவான். கிட்டப் போய் சேர்ந்து வழுக்க விடறான்னா தப்பு கடைசி மூணு கஜத்துல நடக்குது, அதுவும் கால்ல. வேகமா வரான், ஒண்ணு டக்குன்னு பிரேக் போட்டு ஆணியடிச்ச மாதிரி நிக்கறான், இல்ல காலை தூரமா விட்டுட்டு உடம்பை மட்டும் முன்னாடி வீசறான். ரெண்டுலயும் கை மட்டும்தான் போய் சேரும், ஓடற ஆளோட வேகத்துக்கு வெறும் கை தாங்காது.

கபடி பத்தி ஒரு வார்த்தை. அங்க ரைடர் திரும்பி நடுக்கோட்டுக்குப் போயே ஆகணும், கோர்ட்டும் சின்னது, கூட ஆறு பேர் பாய ரெடியா இருப்பாங்க, அதனால கணுக்காலைப் பிடிக்கற ஆங்கிள் ஹோல்டு ஒர்க் ஆகும். இங்க எதிர்ல வரவன் பத்து கஜம் ஓடி முழு ஸ்பீடுல வரான், கணுக்காலுக்குப் பாஞ்சா பையனோட தலை நேரா அவன் முழங்காலுக்கு முன்னாடி போய் நிக்கும். தலை குனிஞ்சா கழுத்தெலும்பு வளைவு போய் கம்பு மாதிரி நேராகிடும், உச்சந்தலைல அடி விழுந்தா மொத்த ஃபோர்ஸும் அந்தக் கம்பு வழியா இறங்கும். இப்படிக் கழுத்து உடைஞ்ச கேஸ்களாலதான் 1976-லயே ஹைஸ்கூல்லயும் காலேஜ்லயும் தலையால இடிக்கறதைத் தடை பண்ணாங்க. ஆனா உங்க கபடில ஒண்ணு அப்படியே யூஸ் ஆகும், தொடையைக் கட்டிப் பிடிக்கற தை ஹோல்டு. அப்ப சியாட்டில் சீஹாக்ஸ்ங்கற என்எஃப்எல் டீமோட கோச்சா இருந்த பீட் கேரல் 2014-ல ரக்பில இருந்து எடுத்து வீடியோ போட்டு பரப்பின தோள்பட்டை டேக்கிள்லயும் இதான் அடிப்படை, தோளால இடி, ரெண்டு தொடையையும் இறுக்கு, தேவைப்பட்டா அப்படியே உருளு. அந்த டீம் 2012-ல இருந்து தொடர்ந்து நாலு சீசன் லீக்லயே கம்மியா பாயின்ட் விட்ட டீம், அதனால இது மிருதுவான டேக்கிள்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க.

வீட்ல என்ன பண்ணலாம்னா, முதல்ல ஹெல்மெட்டைக் கழட்டி வைங்க. ஹெல்மெட் இல்லேன்னா பசங்க தானாவே தலையை வெளிய வெச்சுக்குவாங்க. நியூ ஹாம்ப்ஷர் யூனிவர்சிட்டில எரிக் ஸ்வார்ட்ஸ் டீம் இதை டெஸ்ட் பண்ணி 2015-ல வெளியிட்டாங்க, வாரத்துல கொஞ்ச நேரம் ஹெல்மெட் இல்லாம டேக்கிளிங் டிரில் பண்ண பசங்களுக்கு சீசன் முடியறப்ப தலைல படற அடி 28 சதவீதம் குறைஞ்சிருந்தது. ஆனா ஹெல்மெட் இல்லாதப்ப ஆள் மேல முழு வேகத்துல போகவே கூடாது, இதுல காம்ப்ரமைஸ் கிடையாது.

பாலை நீங்க வெச்சுக்கிட்டு குறுக்கால லேசா ஜாக் பண்ணுங்க, அவன் ஏழெட்டு கஜம் தள்ளி இருந்து வரட்டும். அவன் பக்கமா இருக்கற உங்க இடுப்பை ரெண்டு கையாலயும் தொடணும், அவ்ளோதான் டிரில். தலை, தோள், பால் எல்லாத்தையும் வெச்சு ஏமாத்தலாம், இடுப்பு போற பக்கம்தான் உடம்பு போகும். நாலு தடவைக்கு ஒரு தடவை சொல்லாம சட்டுனு உள்பக்கமா வெட்டித் திரும்புங்க, உங்களைத் தாண்டி முன்னாடி போயிட்டான்னா மாட்டிக்குவான். இடுப்புக்கு அரை அடி பின்னாடியே வந்தா மாட்ட மாட்டான், இதை வாயால விளக்கறதை விட ரெண்டு தடவை ஏமாந்தான்னா அவனுக்கே புரியும்.

அடுத்தது கால். நீங்க சும்மா நில்லுங்க, தொடைல ஒரு தடியான சோஃபா குஷனைப் பிடிச்சுக்கோங்க. அவன் ரெண்டு மூணு கஜத்துல இருந்து குட்டிக் குட்டி ஸ்டெப்பா, நிக்காம வரணும். வலது தோளால வந்தா வலது கால், இடதுன்னா இடது கால், உங்க ஷூவை மிதிக்கற தூரத்துல வந்து விழணும். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க, கால் ஒரு அடி முன்னாடியே நின்னுடுது. குனியறது முழங்காலை மடக்கி, இடுப்பை மடக்கி இல்ல, கண்ணு மேல பாத்துக்கிட்டே. தலை உங்க முதுகுப் பக்கமா போகணும், முன்னாடி குறுக்க வரக்கூடாது. தோள் குஷன்ல பட்டதும் ரெண்டு கையும் தொடையைச் சுத்தி, துணியைக் கொத்தாப் பிடிச்சு, முழங்கையை இறுக்கி, ஒரு செகண்ட் வெச்சு விட்டுடணும். கீழ தள்ள வேண்டாம். வராத பக்கம் ஒண்ணு இருக்கும், பெரும்பாலும் இடது, அதை டபுளா பண்ணுங்க.

உருளறதைப் பழக ஃபோம்ல பெரிய டயர் மாதிரி டேக்கிளிங் ரிங் இருக்கு, உருட்டி விட்டா துரத்திப் பிடிச்சு புல்லுல உருளலாம். விலை அதிகம், ஸ்கூல்ல இருக்கான்னு முதல்ல கேளுங்க. நிக்கற டம்மி வாங்காதீங்க, அது ஓடாது, உங்க பையன் பிரச்சனையே ஓடற ஆள்தான்.

மொத்தம் பன்னெண்டு நிமிஷம், வாரத்துக்கு மூணு நாள் போதும், டயர்டா இருக்கறப்ப பண்ணா தலை தானா குனியும். ஆகஸ்ட் டெக்சஸ் வெயில்ல காலைல சீக்கிரமே முடிச்சுடுங்க. கழுத்துக்கும் கொஞ்சம், உள்ளங்கையை நெத்தில, பின்னந்தலைல, ரெண்டு பக்கத்துலயும் வெச்சு தலை அசையாம பத்து பத்து செகண்ட் அழுத்தச் சொல்லுங்க. டேக்கிளுக்கு அப்புறம் கைல சுரீர்னு எரிச்சல் இறங்குச்சுன்னா, தலைவலி, குமட்டல், மந்தமா பதில் சொல்றது ஏதாவது இருந்தா அன்னிக்கு ஆட்டம் ஓவர், உடனே ட்ரெய்னர்கிட்ட சொல்லணும். கன்கஷன், அதாவது அடில மூளை அதிர்ற காயம், இருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே வெளிய எடுத்து, டாக்டர் எழுதிக் குடுத்தப்புறம்தான் உள்ள விடணும்னு டெக்சஸ்ல 2011-ல இருந்து சட்டமே இருக்கு.

இதெல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கோச்சைக் கேட்டு மேட்ச் வீடியோ வாங்குங்க, பெரும்பாலான ஸ்கூல்ல ஹட்ல் ஆப்ல ஏத்தி வெச்சிருப்பாங்க. கோச் என்ன வார்த்தை யூஸ் பண்றாரோ அதையே நீங்களும் யூஸ் பண்ணுங்க, ரெண்டு வாத்தியார் ஆனா பையன் குழம்பிடுவான். மிஸ் ஆன டேக்கிள் ஒவ்வொண்ணுலயும் அவன் கடைசி கால் தரைல படற ஃப்ரேம்ல நிறுத்திப் பாருங்க. அவன் காலுக்கும் பால் கேரியருக்கும் நடுவுல ஒரு ஆள் புகற கேப் இருந்தா குஷன் டிரில்தான் உங்களுக்கு. கால் கிட்டவே இருந்தும் ஆள் போயிட்டான்னா கை தொடைக்குப் பதிலா இடுப்புக்கு மேல போயிருக்கும், செக் பண்ணுங்க. ஆளே உள்பக்கமா திரும்பிப் போயிருந்தா ஒரு வாரம் முழுக்க இடுப்பு தொடற டிரில் மட்டும் பண்ணுங்க.