கையில் முட்டையிட்ட பறவை

கேள்வி: அயர்லாந்தின் க்ளெண்டலாக் விஸ்கி பாட்டிலில் ஒரு துறவி இருக்கிறார். யார் அவர்? பறவைக் கதை ஒன்று சொல்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அவர் புனித கெவின். க்ளெண்டலாக் என்றால் ஐரிஷ் மொழியில் ‘இரண்டு ஏரிப் பள்ளத்தாக்கு’. டப்ளினுக்குத் தெற்கே, விக்லோ மலைகளில் இருக்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் கெவின் அங்கே தனியாகத் தவம் செய்யப் போனார். சீடர்கள் தேடி வர, அந்த இடம் மடமாக வளர்ந்தது. பிற்காலத்தில் எழுப்பிய, சுமார் 30 மீட்டர் உயர வட்டக் கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது.

பறவைக் கதையை 12-ஆம் நூற்றாண்டிலேயே வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்டு எழுதி வைத்துவிட்டார். ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலத்தில் கெவின் சிறு குடிலில் இருக்கிறார். சன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஜெபிக்கும்போது ஒரு பிளாக்பேர்டு வந்து உள்ளங்கையில் முட்டையிடுகிறது. காக்கை அல்ல, பூங்குருவி இனத்தைச் சேர்ந்த, நன்றாகப் பாடும் பறவை. குஞ்சு பொரியும்வரை அவர் கையை மூடவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

எத்தனை நாள்? இந்தப் பறவை நாளுக்கு ஒன்றாக 3 முதல் 5 முட்டை வரை இடும். அடைகாப்பு 13, 14 நாள். ஆக, குறைந்தது 15, 16 நாள். ‘குஞ்சு பறக்கும்வரை’ என்று நீட்டிச் சொல்பவர்கள் இன்னும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜெரால்டு அவ்வளவு தூரம் போகவில்லை. பருவமும் பொருந்துகிறது. தவக்காலத்தின் பிற்பகுதி மார்ச், ஏப்ரலில் வரும். பிளாக்பேர்டு கூடு கட்டத் தொடங்குவதும் மார்ச்சில்தான். கதையை முதலில் சொன்னவர் பறவையைக் கவனித்தவராக இருக்க வேண்டும். இடிப்பது ஒன்றே ஒன்று: புல்லும் சேறும் வைத்துக் கிண்ணம்போலக் கூடு கட்டாமல் அது முட்டையிடாது. புனிதரின் உள்ளங்கையே கிண்ணமாயிற்று என்று விட்டுவிடலாம்.

கேள்வி: அப்படியானால் க்ளெண்டலாக் விஸ்கி கெவின் மடத்தின் பழைய செய்முறையா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை. கெவின் இறந்தது 618 என்பது மரபு. அயர்லாந்தில் வடிசாராயம் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு 1405-ஐச் சேர்ந்தது; அதுவும் ஒரு குலத்தலைவர் கிறிஸ்துமஸில் அளவுக்கு மீறிக் குடித்து இறந்த செய்தி! இடையே ஏறக்குறைய 800 ஆண்டு. க்ளெண்டலாக் நிறுவனமோ 2011-இல் நண்பர்கள் சிலர் தொடங்கியது.

புது விஸ்கி ஆலைகள் பலவும் முதலில் ஜின் என்னும் வேறு மதுவை விற்பதற்கும் காரணம் உண்டு. ஐரிஷ் விஸ்கி என்று பெயர் வைக்க, 700 லிட்டருக்கு மேற்படாத மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு ஊற வேண்டும். பாட்டிலில் 40 சதவீத ஆல்கஹாலாவது இருக்க வேண்டும். ஊறும்போது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும். 200 லிட்டர் ஊற்றினால் 3 ஆண்டு கழித்து 188 லிட்டர் மிஞ்சும். ஜின்னுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது.

கேள்வி: கில்பெகன், கில்கோமன், கில்கெரன் என்றெல்லாம் விஸ்கிகளுக்குப் பெயர். இதில் ‘கில்’ என்றால் என்ன?
– வாசகர், மதுரை

பதில்: பெரும்பாலும் ‘கோயில்’. ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக் மொழிகளில் ‘கில்’ என்பது துறவியின் சிறு தேவாலயம். புனிதர் பெயர் தேவாலயத்துக்கும், தேவாலயத்தின் பெயர் ஊருக்கும், ஊரின் பெயர் ஆலைக்கும் போயிற்று. கில்பெகன் புனித பெகானின் கோயில். அங்கே 1757-இல் ஆலை வந்தது. கில்கோமன், ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் புனித கோமனின் கோயில். கில்கெரன் சற்றுச் சுற்றுவழி. ஸ்காட்லாந்தின் கேம்பல்டவுனுக்குப் பழைய பெயரே ‘கீரன் கோயில் ஏரியின் தலைப்பு’. அங்கே 2004-இல் மீண்டும் இயங்கத் தொடங்கிய க்ளென்கைல் ஆலை, தன் பெயரின் உரிமை வேறொருவரிடம் இருந்ததால் விஸ்கிக்கு இந்தப் பழைய பெயரை எடுத்துக்கொண்டது.

ஒரு வழுக்கல்: ‘காடு’ என்னும் பொருளுள்ள வேறொரு ஐரிஷ் சொல்லும் ஆங்கில எழுத்தில் ‘கில்’ ஆகிவிடும். அயர்லாந்தின் சாலைப் பலகையில் ஆங்கிலப் பெயருக்கு மேலே ஐரிஷ் வடிவம் சாய்வெழுத்தில் இருக்கும். அதைப் பார்க்காமல் புனிதரைத் தேடிப் போகாதீர்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு விஸ்கி ஆலையை ‘செயின்ட் ஜார்ஜ்’ என்ற பெயரில் தொடங்கினார்களாமே. நம் கோட்டை ஜார்ஜும் அவரும் ஒருவரா?
– வாசகர், சென்னை

பதில்: ஒருவரே. டிராகனைக் கொன்றதாகக் கதை சொல்லப்படும், இங்கிலாந்தின் காவல் புனிதர். திருநாள் ஏப்ரல் 23. கோட்டைக்கு அவர் பெயர் வந்ததும் அந்தத் திருநாளை வைத்துத்தான். நார்போக்கில் உள்ள ஆலை 2006-இல் வடிக்கத் தொடங்கியது. இங்கே ‘கில்’லும் இல்லை, கோயிலும் இல்லை, நாட்டுக்கே உரிய புனிதரை நேராகப் பெயர்ப்பலகையில் ஏற்றிவிட்டார்கள்.