தடித்த கடல் நாவலைச் சலிப்பில்லாமல் படிப்பது எப்படி?

'மோபி டிக்' வாங்கி நூறு பக்கத்தோடு நின்றுவிட்டது, எப்படி முடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முடித்தே ஆக வேண்டும் என்கிற எண்ணத்தை முதலில் விடுங்கள். 1851-இல் வந்த நாவல், அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் திமிங்கல வேட்டையைப் பற்றி எழுதியது, 135 அத்தியாயம். வேட்டைக் கப்பலின் கேப்டன் ஆகாப் கண்ணில் படுவதற்கே 28ஆம் அத்தியாயம் வரை காத்திருக்க வேண்டும். பாம்பனில் கச்சான் காற்றடித்து வள்ளங்கள் கரையில் கிடந்த நாட்களில், தினம் இரண்டு அத்தியாயம் என்றுதான் நான் படித்தேன். 32ஆம் அத்தியாயத்தில் மெல்வில் கதையை நிறுத்திவிட்டுத் திமிங்கல வகைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார், அங்கே அலுப்புத் தட்டினால் தாராளமாகத் தாண்டிப் போங்கள், அப்புறம் வந்து படித்துக்கொள்ளலாம்.

ஆனால் 60ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். முழுக்க ஒரு கயிற்றைப் பற்றியது. தொட்டியில் சுருட்டி வைத்த ஈட்டிக் கயிறு, துடுப்பு வலிக்கிற ஒவ்வொருவர் கைப்பக்கமாகவும் படகு நீளத்துக்குக் கிடக்கும். அடிபட்ட திமிங்கலம் இழுத்ததும் அது பாய்கிற வேகத்தில் யார் கை சிக்கினாலும் போச்சு. வலைக் கயிறு இழுத்தே உள்ளங்கையில் தழும்பு விழுந்த என் சித்தப்பாவுக்கு அதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். "இதை எழுதினவன் கடலுக்குப் போனவன்தான்" என்றார். உண்மைதான், மெல்வில் 1841-இல் திமிங்கல வேட்டைக் கப்பலில் வேலைக்குப் போனவர்.