நம்பரை வைத்துக்கொண்டு துஆ கேட்கிறீர்களா?

கேள்வி: வாப்பா மௌத்தான (இறந்த) பிறகு கடைப் பங்கில் மனக்கசப்பாகி, காக்கா (அண்ணன்) துபாய்க்குப் போய் ஏழு வருஷமாகிறது. பேச்சுவார்த்தை இல்லை. கடையை நான்தான் பார்க்கிறேன். உம்மா தினமும் அழுகிறார். நானும் நம்பிக்கை இழக்காமல் துஆ (பிரார்த்தனை) கேட்கிறேன். போன வருஷம் மச்சான் காக்காவின் நம்பரைத் தந்தார், வைத்திருக்கிறேன். அவராக மனம் மாறி வரட்டும் என்று அல்லாஹ்விடம் விட்டுவிட்டேன். இன்னும் பதில் இல்லையே, என் ஈமானில் (இறைநம்பிக்கையில்) குறையா?
– பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, ஈமானை அப்புறம் பார்ப்போம். ஒரு வருஷமாக அந்த நம்பர் உங்கள் போனில் என்ன செய்கிறது? உம்மாவுக்காவது தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

காணாமல் போன மகன் யூசுஃபை நினைத்து அழுதே யஃகூப் நபிக்குக் கண்கள் வெளுத்துப் போயின. இன்னொரு மகனும் எகிப்தில் சிக்கிக்கொண்டபோது பிள்ளைகளிடம் என்ன சொன்னார்? குர்ஆனில் யூசுஃப் சூராவின் (அத்தியாயத்தின்) 87ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். ‘போய் யூசுஃபையும் அவர் சகோதரரையும் தேடுங்கள்’ என்பதுதான் முதலில் வருகிறது. அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்பது அதற்கு அடுத்துத்தான். நீங்கள் முதல் பாதியை விட்டுவிட்டீர்கள்.

இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’ என்ற நூலில் இதற்கென்றே ஒரு பாடம் எழுதியிருக்கிறார். நல்ல நிலத்தில் நல்ல விதை போட்டு, தண்ணீர் பாய்ச்சி, களையும் எடுத்துவிட்டு, மீதியை அல்லாஹ்விடம் எதிர்பார்ப்பவனே நம்பிக்கை உள்ளவன். விதையே போடாதவன் அறுவடைக்குக் காத்திருப்பதை மடமை என்கிறார், ஏமாற்று என்கிறார். 900 வருஷத்துக்கு முன்பு எழுதியது, உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது.

சகோதரனோடு மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருப்பது ஆகாது, முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்ற ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. உங்களுக்கு ஏழு வருஷம்! அவர்தான் முதலில் வரவேண்டும் என்பது கௌரவம், தம்பி. அதைத் தவக்குல் (அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைப்பது) என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. ‘மனக்கசப்பு’ என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போகிறீர்கள். வாப்பாவின் சொத்தில் எட்டில் ஒரு பங்கு உம்மாவுடையது. மகன்கள் இருவருக்கும் சம பங்கு. காக்காவின் பங்கு ஏழு வருஷமாக யார் கையில் இருக்கிறது?

இன்று இரவு இஷா தொழுதுவிட்டுக் கூப்பிடுங்கள். துபாயில் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். ஸலாம் சொல்லி, உம்மாவின் நிலைமையைச் சொல்லுங்கள். கடைக் கணக்கை அவர் கேட்பதற்கு முன்பே அனுப்புவதாகச் சொல்லுங்கள். எடுக்கவில்லையா, நாளைக்கும் கூப்பிடுங்கள். நம்பரை மட்டும் இன்றைக்கே உம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.