மகன் கேட்கும் அந்த ஆல்பம்

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். நல்ல பிள்ளைதான். ஆறு மாதமாக ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ என்கிற ஆல்பத்தையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். என் காதுக்கு அது வெறும் இரைச்சல். போன வாரம் அந்த ஆல்பத்தின் படம் போட்ட டி-ஷர்ட் ஒன்றையும் வாங்கி வந்தான். கல்லறைத் தோட்டம், வரிசை வரிசையாகச் சிலுவைகள், மேலே இரண்டு கைகள். நாங்கள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற குடும்பம். இவன் மனசு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கேட்கக் கூடாது என்று சொல்லிவிடலாமா? இப்போது எலெக்ட்ரிக் கிடார் வேண்டும் என்று வேறு நிற்கிறான்.
— ஒரு தாய், தூத்துக்குடி

பதில்: அன்புள்ள சகோதரி,

தடுக்க வேண்டாம். முதலில் அவன் போனிலேயே அந்த அட்டைப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு சிலுவையில் ராணுவ ஹெல்மெட் ஒன்று தொங்குவது தெரியும். அவை சிப்பாய்களின் கல்லறைகள். சிலுவைகளில் கட்டிய கயிறுகள் மேலே போய் அந்த இரண்டு கைகளில் முடிகின்றன, பொம்மலாட்டத்தில் வருகிற மாதிரி. சிப்பாய்களை உயிரோடு இருந்தபோது ஆட்டிவைத்தவர்கள், அவர்கள் செத்த பிறகும் கயிற்றை விடவில்லை என்கிறது படம். உங்கள் நம்பிக்கையைப் பழிக்கிற எதையும் நான் அதில் பார்க்கவில்லை.

1986 மார்ச்சில் வந்த ஆல்பம் அது. பாடியவர்கள் அமெரிக்காவின் மெட்டாலிகா என்கிற ஹெவி மெட்டல் இசைக்குழு. முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில், ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். பதிவு தொடங்கும்போது நால்வருக்கும் வயது 21-லிருந்து 23-க்குள். உங்கள் மகனைவிட நாலைந்து வயது மூத்த பையன்கள், அவ்வளவுதான். மொத்தம் எட்டுப் பாட்டு, ஏறக்குறைய 55 நிமிடம்.

தலைப்புப் பாட்டில் ‘மாஸ்டர்’ என்று கத்துவதைக் கேட்டுப் பயந்திருப்பீர்கள். அந்த எஜமான் போதை மருந்து. பாட்டில் பேசுவதே அந்த மருந்துதான்: நீ என்னை ஆளவில்லை, நான்தான் உன் கயிற்றை இழுக்கிறேன் என்று அடிமைப்பட்டவனிடம் சொல்கிறது. போதையைப் புகழ்கிற பாட்டே அல்ல. அதை எழுதிப் பாடிய ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் 2001-இல் குடிப்பழக்கத்துக்காகத் தானே சிகிச்சைக்குப் போனார். அது தெரிந்த பிறகு அந்தப் பாட்டை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. ‘டிஸ்போசபிள் ஹீரோஸ்’ போர்முனைக்குத் துரத்தப்படும் சிப்பாயின் குரல். ‘சானிடேரியம்’ மனநல விடுதியில் அடைபட்டவனின் குரல். ‘லெப்பர் மெசையா’ மட்டும் உங்களுக்குக் கொஞ்சம் உறுத்தலாம். டி.வி.யில் பிரசங்கம் செய்து காசு பறிப்பவர்களையும், அவர்களிடம் ஏமாறுகிறவர்களையும் சாடுகிற பாட்டு. அதைப் பற்றி வீட்டில் தாராளமாகப் பேசலாம். கெட்ட வார்த்தை என்று பார்த்தால் கடைசிப் பாட்டில் வருகிறது; அதை மறைக்க விரும்பவில்லை.

சரி, இதையெல்லாம் இவ்வளவு சத்தமாகத்தான் சொல்ல வேண்டுமா? கல்லூரி விடுதியில் நண்பனின் கேசட்டில் இதை முதலில் கேட்டபோது எனக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. பிடித்துப்போனது அந்தக் கைவேலைதான். கிடார் தந்தியைப் பிக் என்கிற சின்னத் தகட்டால் மேலும் கீழுமாக மாற்றித் தட்டினால் கைக்குச் சுலபம். ஹெட்ஃபீல்ட் பெரும்பாலும் கீழ்நோக்கி மட்டுமே அடிப்பார். தலைப்புப் பாட்டில் அது நொடிக்கு ஏழு அடி வரை போகும். கூடவே உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திமேல் லேசாக வைத்து ஒலியை அமுக்கிக்கொள்வார். அதனால்தான் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, கனமாக, ஒரே அளவில் விழுகிறது. இப்படி எட்டரை நிமிடம். நடுவே மூன்றரை நிமிடம் ஆனதும் எல்லாம் அடங்கி, இரண்டு கிடார்கள் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு ஒரு மெல்லிய ராகம் வாசிக்கும். ஒருமுறை அந்த இடத்தை மட்டும் கேளுங்கள். இரைச்சல் என்ற வார்த்தை அதற்குப் பொருந்தாது என்று உங்களுக்கே தோன்றும்.

பதினேழு வயதில் ஒரு பிள்ளைக்குள் எவ்வளவு கோபமும் பதற்றமும் இருக்கும்! அதுவும் பிளஸ் டூ வருடம். அவனால் சொல்லத் தெரியாததை இந்த இசை ஒழுங்காக, தாளம் பிசகாமல் அவனுக்காகச் சொல்லிவிடுகிறது. இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இந்த மாதிரி இசையைக் கேட்கும் 39 பேரை முதலில் கோபப்பட வைத்து, பிறகு பாதிப் பேரை அவரவருக்குப் பிடித்ததைக் கேட்க வைத்தார்கள், மீதிப் பேரைச் சும்மா உட்கார வைத்தார்கள். 2015-இல் முடிவு வெளிவந்தது. பாட்டுக் கேட்டவர்களின் கோபம் மேலும் ஏறவில்லை. கேட்டு முடித்தபோது மனசு உற்சாகமாகவே இருந்தது. சின்ன ஆய்வுதான், பங்கேற்றவர்களும் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள். ஆனாலும் நான் நேரில் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது.

உங்கள் பயமும் புதிதல்ல. 1985-இல் அமெரிக்காவில் பெற்றோர் சிலர் சேர்ந்து, பிள்ளைகள் கேட்கும் பாட்டுகளைப் பற்றிக் குரல் எழுப்ப, அந்நாட்டு செனட் வரை விசாரணை போனது. அதே நாட்டின் காங்கிரஸ் நூலகம் பின்னாளில் இந்த ஆல்பத்தை, காலத்துக்கும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. மெட்டல் இசையில் அந்தப் பட்டியலுக்குப் போன முதல் பதிவு இதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ‘ஓரியன்’ என்ற பாட்டை ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் போடச் சொல்லி அவனோடு உட்காருங்கள். பாட்டு என்கிறேன், வார்த்தையே கிடையாது. நாலு நிமிடம் தாண்டியதும் வேகம் குறைந்து, பேஸ் கிடார் மட்டும் தனியாக நடந்து வரும். கடலோரத்தில் இருக்கிறவர் நீங்கள். அந்த அசைவு உங்களுக்குப் பழகியதாகவே இருக்கும். அதை வாசித்த கிளிஃப் பர்ட்டன், பழைய ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசையை விரும்பிக் கேட்டவர். ஆல்பம் வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 27 அன்று சுவீடனில் குழுவின் பஸ் கவிழ்ந்து இறந்துபோனார். 24 வயது. அவருக்கு நடந்த அஞ்சலியில் ‘ஓரியன்’தான் ஒலித்தது. இந்த ரசிகர்கள் இன்றும் அவர் பேரைச் சொல்லும்போது குரல் தணிவதைக் கவனித்திருக்கிறேன். உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள், என்னைவிட அதிகம் சொல்வான்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண் வையுங்கள். சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் எல்லாவற்றிலிருந்தும் அவன் ஒதுங்கினால் அது பாட்டால் வந்ததாக இருக்காது. டி-ஷர்ட்டைப் பிடுங்கினால் சரியாகவும் போகாது. உட்கார்ந்து பேசுங்கள், தேவைப்பட்டால் ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள். இன்னொன்று காது. ஹெட்போனில் சத்தம் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளட்டும். கேட்டு முடித்ததும் காதுக்குள் ரீங்காரம் இருந்தால் அது எச்சரிக்கை.

அப்புறம் கிடார். பரீட்சை முடிந்ததும் வாங்கிக் கொடுங்கள். ஹெட்போன் மாட்டுகிற வசதி உள்ள சின்ன ஆம்ப்ளிஃபயராகப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்குத் தொல்லை இருக்காது. எடுத்த எடுப்பில் அந்தத் தலைப்புப் பாட்டின் வேகத்தில் அடிக்கப் பார்ப்பான். மணிக்கட்டு வீங்கிவிடும். தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் ஆப்கள் இலவசமாகவே இருக்கின்றன, பாதி வேகத்தில் தொடங்கி வாரம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்லுங்கள்.