ஷாராபாங்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய ஆங்கில நாவல் ஒன்றில் ‘ஷாராபாங்’ என்ற சொல்லைப் பார்த்தேன். சுற்றுலா வண்டி என்கிறது அகராதி. பிரெஞ்சு மன்னர் விக்டோரியா மகாராணிக்கே பரிசளித்த வண்டியாம். அது பின்னாளில் குடித்துவிட்டுக் கூச்சல் போடும் கும்பலின் வண்டியாகிப்போனது வருத்தமாக இருந்தது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இன்று ஏன் வழக்கில் இல்லை?

ர.

அன்புள்ள ர.,

பிரெஞ்சில் பெஞ்சு போட்ட வண்டி என்று பொருள். ஆரம்பத்தில் குதிரை இழுத்தது. லூயி பிலிப் 1844இல் கொடுத்தது இன்றும் லண்டன் அரண்மனை லாயத்தில் இருக்கிறது. இது போதும்.

இவ்வளவு படிக்கிறவர் நீங்கள். ‘கும்பல்’ என்று எழுத எப்படி ஐயா கை வந்தது? அவர்களில் எத்தனையோ பேர் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிப் பஞ்சாலைக்காரர்கள். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொண்டவர்கள். ஆண்டுக்கொரு முறை ‘வேக்ஸ்’ வாரத்தில் ஊரின் ஆலைகள் மொத்தமாக மூடும். அந்த வாரம் கூலி கிடையாது. சம்பளத்தோடு விடுமுறை தரும் சட்டமே 1938இல்தான் வந்தது. ஆகவே ஆண்டு முழுக்க வாராவாரம் சேமிப்புக் குழுவில் சில்லறை கட்டி, அந்தக் காசில் பிளாக்பூல் கடற்கரைக்குப் போனார்கள். ரயிலில் போனவர்களே அதிகம். முதல் உலகப் போர் முடிந்து ராணுவம் கழித்த லாரிகள் விலைக்கு வந்ததும், அவற்றின் மேல் பெஞ்சு பொருத்தி ஷாராபாங் ஆக்கினார்கள்.

சொகுசு என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே நடக்க வழி கிடையாது. ஒவ்வொரு வரிசைக்கும் பக்கவாட்டில் ஒரு கதவு. கூரைக்குப் பதில் பின்னால் மடித்துவைத்த கான்வாஸ். மழை பிடித்தால் வண்டியை நிறுத்தி அதை முன்னால் இழுத்து மாட்ட வேண்டும். கெட்டி ரப்பர் டயர், இடுப்பை ஒடித்துவிடும். கவிழ்ந்தால் தலைக்கு மேல் காப்பு எதுவும் இல்லை. 1925இல் யார்க்ஷயரின் டிபிள்ஸ் பாலத்தில் பிரேக் பிடிக்காமல் 7 பேர் இறந்தார்கள்.

குடித்தார்கள்தான். பாடவும் செய்தார்கள். மகாராணி ஏறினால் உலா, தறிக்காரி ஏறினால் கூச்சலா?

நானும் மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. ஒருமுறை எல்லாரும் காசு போட்டு பஸ் பிடித்துக் குற்றாலம் போனோம். வீட்டில் வாய் திறக்காத அப்பா வழியெல்லாம் பாடினார். அருவிக்கரையில் ஒருவர் எங்களைப் பார்த்து, “மில்லுக்காரக் கும்பல் வந்துருச்சு” என்று முகத்தைச் சுளித்தார். உங்கள் கடிதத்தில் அதே சொல்.

இரண்டாவது கேள்வியா? காற்றடைத்த டயரும் நிலையான கூரையும் வந்தன. அந்த வண்டியைக் ‘கோச்’ என்றார்கள், ‘ஷாராபாங்’ என்ற சொல் போயிற்று.

அடுத்த முறை ‘நாவல் ஒன்றில்’ என்று மொட்டையாக எழுதாமல் பெயரைக் குறிப்பிடுங்கள். எனக்கும் படிக்க ஆசை.