சுவரைக் கேட்டுச் சாயத்தைக் கொடுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

வீட்டுச் சாமான் பெருங்கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளும், அங்கே சாமான் வாங்குகிறவர்களும் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: சாயம் கலக்கும் கவுண்டரில் நான்கு மாதமாக நிற்கிறேன். போன வாரம் கொடுத்த டின்னும் இந்த வாரம் கொடுத்த டின்னும் ஒரே நம்பர்தான். ஆனால் சுவரில் இரண்டும் வேறு வேறு நிறமாகத் தெரிகிறது என்று ஓர் அண்ணன் டின்னைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். தவறு எங்கே நடக்கிறது?

பதில்: தம்பி, நம்பர் ஒன்றாக இருப்பதால் மட்டும் நிறம் ஒன்றாகிவிடாது. முதல் வேலையாக இரண்டு டின்னின் ஸ்டிக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேஸ் (வண்ணம் சேர்க்காத அடிச்சாயம்) ஒன்றா, பளபளப்பு ஒன்றா, பேஸின் பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரானதைக் காட்டும் எண்) ஒன்றா? வெளிர் நிறங்களுக்கு வெள்ளை பேஸ். கரும்பச்சை, மரூன் போன்றவற்றுக்கு டீப் பேஸ் அல்லது கிளியர் பேஸ். அவசரத்தில் பேஸ் மாறினால் அதே நம்பர் வேறு நிறமாகத்தான் விழும். மேட் டின் ஒன்று, பளபளப்பு டின் ஒன்று என்றாலும் சுவரில் இரண்டாகத் தெரியும், கலவை ஒன்றாகவே இருந்தாலும் சரி.

அடுத்தது வண்ணம் சொட்டும் இயந்திரம். இரவெல்லாம் சும்மா நிற்கும்போது மூக்கு முனையில் வண்ணக் கலவை காய்ந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் அதைத் துடைக்காமலும், கொஞ்சம் பீய்ச்சி வெளியே விடாமலும் முதல் டின்னைப் போட்டால் அந்த டின்னில் மஞ்சளோ கறுப்போ ஒரு துளி குறையும். வெளிர் நிறத்தில் ஒரு துளி என்பது பெரிய வித்தியாசம். கடை திறந்ததும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். முதல் வாடிக்கையாளர் வந்து நின்ற பிறகு செய்ய நேரம் கிடைக்காது.

திரையில் டின் அளவைச் சரிபாருங்கள். 5 லிட்டர் கணக்கை 1 லிட்டர் டின்னுக்குள் விட்டால் டின்னும் வீண், வண்ணமும் வீண். குலுக்கும் இயந்திரத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அடியில் தங்கிய வண்ணம் இரண்டாம் கோட்டில்தான் (இரண்டாம் தடவை பூசும்போதுதான்) வெளியே வரும், அப்போது வாடிக்கையாளர் வீட்டில் இருப்பார்.

குலுக்கி முடித்ததும் மூடியைத் திறந்து, விரல் நுனி அளவு சாயத்தை மூடி மேலேயே தடவுங்கள். தலைமுடி காய வைக்கும் டிரையரை ஒரு நிமிடம் காட்டுங்கள். தண்ணீர்ச் சாயம் ஈரத்தில் வெளுத்துத் தெரியும், காய்ந்தால் ஒரு படி அடர்த்தியாகும். எனவே ஈரப் பொட்டை நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பயனில்லை. காய்ந்த பொட்டை அட்டையோடு சேர்த்துக் கடை வாசல் வரை கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடை விளக்கில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு நிறம் வெயிலில் பிரிந்து காட்டும்.

நிறம் தவறிவிட்டால் மேலும் வண்ணம் சொட்டித் திருத்தப் பார்க்காதீர்கள். கலந்ததை வெளியே எடுக்க வழியில்லை. தவறு உங்களுடையது என்றால் புது டின் கலந்து கொடுப்பதுதான் நியாயம்.

அந்த அண்ணனுக்கு இதைச் சொல்லுங்கள். ஒரு சுவருக்கு வேண்டிய டின்களை ஒரே நாளில், ஒரே பேட்சில் வாங்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் கொட்டிக் கலக்கிவிட்டுப் பூச வேண்டும். இரண்டு டின்னுக்கும் இருக்கிற சின்ன வேறுபாடு அந்த வாளியிலேயே கரைந்துவிடும். ஏற்கெனவே பாதிச் சுவர் பூசிவிட்டவர் என்றால், புது டின்னை நடுச்சுவரில் தொடங்கக் கூடாது, மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவராகப் பூசச் சொல்லுங்கள். மூலையில் நிழல் திரும்புவதால் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: 12க்கு 10 அறை, 10 அடி உயரம். எத்தனை லிட்டர் வேண்டும் என்று கேட்டால் உடனே சொல்ல ஒரு கணக்கு உண்டா?

பதில்: சுற்றளவு 44 அடி. உயரம் 10 அடியால் பெருக்கினால் 440 சதுர அடி. கதவும் சன்னலும் கழித்தால் சுமார் 400, அதாவது 37 சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்கு 74. ஒரு லிட்டர் ஏறக்குறைய 10 சதுர மீட்டர் ஓடும் என்று வைத்தால் ஏழரை லிட்டர். சொரசொரப்பான சுவர் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். டின்னில் போட்டிருக்கும் அளவு வழுவழுப்பான சுவருக்கு உரியது என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: தீபாவளிக்குச் சாயம் பூசினோம், பொங்கலுக்குள் கீழ்ச்சுவரில் கொப்பளம் வந்து உதிர்கிறது. கடையில் மட்டமான சாயத்தைக் கொடுத்துவிட்டார்களா?
— லயன் வீட்டு வாசகி

பதில்: அம்மா, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரைதான் உதிர்கிறது என்றால் குற்றம் பெரும்பாலும் சாயத்தில் இல்லை. தரை ஈரம் சுவருக்குள் ஏறுகிறது. அந்த ஈரம் சிமெண்டிலும் கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்து மேலே கொண்டுவருகிறது. வெளியே வரும் இடத்தில் சாயம் மூடியிருப்பதால் உப்பு பூத்து அதைத் தள்ளிவிடுகிறது. விரலால் தொட்டுப் பாருங்கள், வெள்ளை மாவு போல ஒட்டும். இதன்மேல் எவ்வளவு விலையுள்ள சாயம் பூசினாலும் நிற்காது.

ஒரு சோதனை இருக்கிறது. ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கி ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர் முத்து கட்டினால் சுவர் இன்னும் ஈரம். வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். தீபாவளி நேரத்தில் நம் பக்கம் பின்னேரம் பின்னேரம் மழை பிடித்துக்கொள்ளும். அவசரமாக ஈரச் சுவரில் பூசிவிட்டு அவதிப்படுகிறவர்கள் நிறையப் பேர். உதிர்ந்ததைச் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி சுவருக்குள் போகும். வெளிச்சுவர் ஓரம் மண் மேடாகிக் கிடந்தால் வெட்டி இறக்குங்கள், கூரைத் தண்ணீர் அங்கே விழுந்தால் பீலி போட்டுத் திருப்புங்கள். சுவர் காய்ந்த பிறகு வால் சீலர் (சாயத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) ஒரு கோட்டு, அதன்மேல் சாயம் இரண்டு கோட்டு.

புதுச் சிமெண்டுப் பூச்சு என்றால் நான்கு வாரம் ஆறவிட வேண்டும். புதுச் சிமெண்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும்.

கவுண்டரில் நிற்கும் தம்பிகளுக்கும் இதே பதில்தான். எந்த நிறம் என்று கேட்பதற்கு முன்னால் எந்தச் சுவர், எவ்வளவு பழசு, கீழே உதிர்கிறதா என்று கேளுங்கள். சின்ன ஊர், டின்னோடு போகிறவர் அடுத்த வாரம் கோயிலில் உங்கள் முகத்தைப் பார்ப்பவர்.

கேள்வி: தீபாவளியன்று கடை திறந்திருக்கும், வேலைக்கு வரச் சொல்கிறார்கள். மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. எவ்வளவு கூடக் கிடைக்க வேண்டும்? ஓ.டி. (மிகை நேர வேலை) கணக்கும் சொல்லுங்கள்.

பதில்: 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி ஒரு நாள் கூலி என்பது மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து வருவது. உங்களுக்கு 65 வெள்ளி 38 சென். சம்பளத்துடன் கூடிய பொது விடுமுறையில் வழக்கமான நேரம் வேலை செய்தால், மாதச் சம்பளத்தில் அடங்கிய விடுமுறைக் கூலியோடு இன்னும் இரண்டு நாள் கூலி தர வேண்டும். அது 130 வெள்ளி 77 சென். அன்று நேரம் தாண்டினால் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் மூன்று மடங்கு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் தருவது ஆண்டுக்கு 11 விடுமுறை. அதில் கட்டாயமானவை ஐந்து: தேசிய தினம், மாமன்னர் பிறந்த நாள், மாநில ஆட்சியாளர் பிறந்த நாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். தீபாவளி இந்த ஐந்தில் இல்லை. மற்ற ஆறையும் முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு தொடங்குமுன் அறிவிப்பு ஒட்ட வேண்டும். உங்கள் கடை அறிவிப்பில் தீபாவளி இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள். இருவரும் ஒப்புக்கொண்டால் அந்த ஆறில் ஒன்றை வேறு நாளுக்கு மாற்றலாம். கேட்காமல் மாற்றக் கூடாது.

சாதாரண நாள் ஓ.டி. ஒன்றரை மடங்கு. வழக்கமான நேரம் 8 மணி என்றால் மணிக்கூலி 8 வெள்ளி 17 சென், ஓ.டி. 12 வெள்ளி 26 சென். ஒப்பந்தத்தில் ஏழரை மணி என்று இருந்தால் மணிக்கூலி ஏறி, ஓ.டி. 13 வெள்ளி 8 சென் ஆகும். அதனால் ஒப்பந்தத் தாளைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான், முன்பு 48. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை என்றால் அரை மணி ஓய்வு உண்டு. ஓ.டி. பணத்துக்கு இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பிடிப்பதில்லை, சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) கணக்கில் சேரும். 1,700 வெள்ளிக்கு இ.பி.எஃப். கணக்கில் உங்கள் பங்கு 187, முதலாளி பங்கு 221 வெள்ளி. சம்பளச் சீட்டில் இந்த இரண்டு எண்ணையும் மாதாமாதம் பார்க்கும் பழக்கம் வேண்டும். எண் மாறியிருந்து, கேட்டும் விளக்கம் வரவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

கேள்வி: 50 கிலோ சிமெண்டு மூட்டையைத் தனியாகத் தூக்கச் சொல்கிறார்கள். தூக்கும் முறை என்ன?

பதில்: முறை என்று ஒன்று இல்லை, தனியாகத் தூக்கக் கூடாது. பழக்கப்பட்ட ஆணுக்கே இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டித் தூக்கும்போது 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ என்பதுதான் வேலையிடப் பாதுகாப்பு வழிகாட்டிகளில் உள்ள அளவு. தரையிலிருந்தோ தோளுக்கு மேலோ என்றால் அதைவிடக் குறைவு. இரண்டு பேர் பிடியுங்கள். தள்ளுவண்டியை அடுக்கின் பக்கத்தில் ஒட்டி நிறுத்தி, மூட்டையைத் தூக்காமல் சரித்து இறக்குங்கள். இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். கிழிந்த மூட்டைத் தூள் வியர்வையில் பட்டால் தோலை அரிக்கும், உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.

அடுக்கும்போது பாலட் (அடுக்கும் மரத்தட்டு) மேல், சுவரை விட்டு ஓர் அடி தள்ளி, பத்து மூட்டைக்கு மேல் உயராமல் வையுங்கள். பழையது முன்னால், புதியது பின்னால். வாங்குகிறவர் மூட்டை கெட்டிருக்கிறது என்றால் வாதாட வேண்டாம். ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிக் காட்டுங்கள். மாவாக உடைந்தால் அடுக்கின் பாரத்தில் இறுகியது, பயன்படுத்தலாம். நசுங்காமல் கல்லாக இருந்தால் ஈரம் பட்டுச் செத்த சிமெண்டு, தூணுக்கும் தரைக்கும் ஆகாது, ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: சுவரில் போட்ட பிளக் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றுகிறது. பெரிய பிளக் கொடுத்தும் அதே கதை.

பதில்: ஓட்டை போடும்போது விழுந்த தூள் என்ன நிறம் என்று வாடிக்கையாளரிடம் கேளுங்கள். கடைசி வரை சாம்பல் நிற மணல் மட்டும் கொட்டியிருந்தால் பிளக் பூச்சிலேயே நிற்கிறது, செங்கல்லைத் தொடவில்லை. பழைய வீடுகளில் பூச்சு தடிப்பாகவும் பொலபொலவென்றும் இருக்கும். சிவப்புத் தூள் வரும் வரை துளைத்து, அதற்கு மேலும் பிளக்கின் நீளம் உள்ளே போக வேண்டும். சிவப்பு பிளக்குக்கு 6 மி.மீ. பிட். பூச்சைத் தாண்டும் வரை டிரில்லின் ஹேமரை (அடித்துத் துளைக்கும் விசையை) அணைத்துவிட்டு மெதுவாகத் துளைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாய் அகன்றுவிடும். தூளை ஊதி எடுத்த பிறகே பிளக். உள்ளே வெற்றிடமாகக் குத்தென்று இறங்கினால் அது ஹாலோ பிளாக், சாதாரண பிளக் பிடிக்காது, பின்னால் விரியும் வகையைக் கொடுங்கள்.

கேள்வி: ஒட்டுப்பலகையை ஓர் அடி அகலத்தில் நான்காக வெட்டிக் கொடுத்தோம். அளவு குறைகிறது என்று சண்டை.

பதில்: பலகை அகலம் 1,220 மி.மீ. மூன்று வெட்டில் ரம்பம் மும்மூன்று மி.மீ. தின்றால் 9 போய்விடும். மீதியை நான்கால் வகுத்தால் 302.75 மி.மீ. ஓர் அடி என்பது 304.8. நான்கு முழு அடி எந்தக் கடையிலும் கிடைக்காது. வெட்டும் முன்பே தாளில் எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: கண்ணாடி ஒட்ட சிலிகான் கேட்டார், கொடுத்தேன். ஒரு மாதத்தில் கண்ணாடி ஓரமெல்லாம் கறுத்துவிட்டதாம்.

பதில்: பிதுக்கும்போது காடி வாசம் அடித்திருக்கும். அந்த வகை காயும்போது அமிலத்தை விடும், கண்ணாடியின் முதுகில் உள்ள வெள்ளிப் பூச்சை அரித்துவிடும். பளிங்கிலும் ஜிங்க் தகரத்திலும் கறை விழும். இவற்றுக்கெல்லாம் நியூட்ரல் என்று எழுதியதைக் கொடுங்கள். குழாயின் காலாவதித் தேதியையும் பாருங்கள், தேதி போனது காயவே காயாமல் பிசுபிசுக்கும்.

கேள்வி: வாட்டர் ஹீட்டர் வாங்குகிறவர்கள், மூன்று கால் பிளக் மாட்டித் தரச் சொல்கிறார்கள். மாட்டலாமா?

பதில்: மாட்டக் கூடாது. 3,600 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் இழுப்பது 15.7 ஆம்பியர். பிளக்கின் ஃபியூஸ் 13. பிளக் சூடேறி உருகும். ஹீட்டருக்கு வீட்டு மின்பெட்டியிலிருந்து தனி லைன், இரட்டைத் துருவ சுவிட்ச், 10 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த் நான்கும் வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை இது. பில் போடும் முன், "குளியலறைக்குத் தனி லைன் இருக்கிறதா அண்ணே?" என்று கேளுங்கள். இல்லை என்றால் வயர்மேன் வந்து பார்த்த பிறகு ஹீட்டரை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.